றிஸ்னாவின் முழங்காலும் எட்டுக் கோப்பைத் தேத்தண்ணியும்

1

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம் முடிந்த அன்று காலை, வாசல் கதவின் தபால் துவாரத்தால் இரண்டு கடிதங்கள் விழுந்தன. ஒன்று கல்முனையிலிருந்து. மற்றது என் மகள் றிஸ்னாவைப் பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து. நான் ஊர்க் கடிதத்தைத்தான் முதலில் உடைத்தேன். மற்றதை உடைக்கப் பயமாக இருந்தது.

ஊர்க் கடிதத்தை எழுதியவள் என் தங்கையின் மகள் பஸீனா. உங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் அதே பஸீனா ரீச்சர்தான். "மாமா, எங்கட பிள்ளைகள் கையெழுத்துப் புத்தகம் ஒண்டு செய்றாங்க. நீங்களும் ஒண்டு எழுதித் தாங்க. பனி பெய்யிறதைப் பத்தி மட்டும் எழுதாதீங்க. போன வருசம் நாலு பேர் பனியைப் பத்தி எழுதிட்டாங்க. நீங்க ஆய்வுகூடத்திலதானே வேலை, அங்க என்ன நடக்குதெண்டு எழுதுங்க" என்று கேட்டிருந்தாள்.

பிள்ளைகளே, ஆய்வுகூடத்தில் வேலை என்றதும் நீங்கள் பெரிதாக ஏதும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக் கோட் எனக்கும் தந்திருக்கிறார்கள். ஆனால் என் வேலை மற்றவர்கள் பாவித்த கண்ணாடிக் குழாய்களையும் போத்தல்களையும் கழுவி, சூட்டு அலமாரியில் காய வைத்து, அடுக்கிக் கொடுப்பது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். விஞ்ஞானத்தில் சாதாரண சித்தி. அதன் பிறகு சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் நின்றேன். ஆகவே இதில் பிழை இருந்தால் ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்தட்டும்.

மற்றக் கடிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். மகளின் மூட்டுகளில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. எட்டு வாரத்தில் திரும்பப் பார்ப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து, மயக்க மருந்து கொடுத்து, இரண்டு முழங்காலுக்குள்ளும் ஊசி போட வேண்டி வரும். அதற்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு சொல் இருந்தது. அகராதியில் பார்த்தேன். 'மீட்க முடியாத' என்று இருந்தது. பிழையாகப் பார்த்திருப்பேன் என்று இன்னொரு தரம் பார்த்தேன். அதே சொல்தான். மூட்டுக்கு வரக்கூடிய மீட்க முடியாத சேதம்.

பஸீனாவுக்குப் பதில் எழுத இவ்வளவு சுணங்கியதற்கு அந்தச் சொல்தான் காரணம்.

2

றிஸ்னாவுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் இங்கே கூட்டி வந்தோம். பத்தாவது வயதில் இடது முழங்கால் வீங்கியது. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்று என் மனைவி ஹபீபா எண்ணெய் தடவினாள். பிறகு வலது முழங்கால். பிறகு மணிக்கட்டு. சின்னப் பிள்ளைகளுக்கும் வாதம் வரும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

டொக்டர் சொன்னது இதுதான். மூட்டுக்குள் கிருமி இல்லை, காயமும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் ஏதோ ஆபத்து என்று பிழையாக விளங்கிக்கொண்டு அங்கே போய்க் கூடி, சொந்த மூட்டையே தாக்குகின்றன. அதனால்தான் வீக்கம், சூடு, நோவு. இதற்கு அழற்சி என்று உங்கள் புத்தகத்தில் பெயர் இருக்கும்.

காலையில் அவளுக்குக் கால் நீளாது. ஒரு மணித்தியாலம் போக வேண்டும். மாடிப்படியில் இருந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவாள். தொப், தொப் என்று பதின்மூன்று சத்தம். நான் கீழே குசினியில் நின்று எண்ணுவேன். ஏழாவதில் அல்லது எட்டாவதில் சத்தம் நின்றால் என் நெஞ்சும் நிற்கும்.

மருந்து ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. கிழமையில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்க வேண்டும். தவறி ஒவ்வொரு நாளும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை மேசை லாச்சியில் பூட்டி வைத்தேன். சனிக்கிழமை கொடுத்துவிட்டு, கொடுத்தேனா என்று திரும்ப லாச்சியைத் திறந்து பார்ப்பேன். மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

கிளினிக்கில் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் நோயாளிதான். டொக்டர் ஐந்து நிமிடம் பேசுவார். றிஸ்னா தலையாட்டுவாள்.

"என்ன மகள் சொல்றாங்க?"

"மருந்தை ஒழுங்காக் குடிக்கட்டாம்."

"இவ்வளவு நேரம் சொன்னது அதுதானா?"

"இங்கிலீஷில அப்பிடித்தான் வாப்பா. நீளமா வரும்."

ஒரு நாள் டொக்டர் கேட்ட கேள்வியில் ஒரு சொல் எனக்கு நேராகவே விளங்கிவிட்டது. மகள் மது குடிப்பாளா என்று கேட்டார். "அவவுக்குப் பன்னிரண்டு வயசு" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். றிஸ்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். இந்த மருந்து ஈரலுக்குக் கடினமானது, ஆகவே எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டும் என்று டொக்டர் விளக்கினார். ஹபீபாவுக்கு நான் பஸ் தரிப்பிடத்தில்தான் சொன்னேன்.

"படிச்ச மனுசி கேக்கிற கேள்வியா அது?" என்றாள்.

"எல்லாரிட்டயும் கேக்கிறதாம் புள்ள."

"கேக்கட்டும். என்ட புள்ளைட்டக் கேக்கேலா."

அதே நாளில் தாதி இன்னொன்றும் கேட்டாள். பகலில் வழக்கமாக என்ன குடிப்பாள் என்று. றிஸ்னா 'ஜூஸ்' என்றாள். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன்.

உண்மையில் என் மகள் குடித்தது தேத்தண்ணி. ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை. நம்முடைய ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் உடம்பு உளைவு என்றாலும் முதலில் வருவது சாயம் கூடின, பால் விடாத வெறுந்தேத்தண்ணிதானே. இஞ்சி தட்டிப் போட்டு, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிக்கக் கொடுப்பது. மாத்திரையையும் அதோடுதான் விழுங்கக் கொடுப்போம். பச்சைத் தண்ணீரில் மருந்து ஏறாது என்பது ஹபீபாவின் எண்ணம். இந்தக் குளிர் நாட்டில் அந்த எண்ணம் இன்னும் தடித்துவிட்டது. விடிந்ததும் ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய ஊற்றி, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் இன்னொரு பிளாஸ்க். தேயிலைத் தூள் ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டு வருவது. கோப்பையின் அடி தெரியாத சாயம்.

தாதி கேட்டபோது நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று பிறகு பல தரம் யோசித்தேன். ஒரு காரணம், எங்களுக்கு அது பானம் அல்ல, மருந்து. மருந்தைப் பற்றி அவள் கேட்கவில்லை என்று நினைத்தேன். மற்றக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

3

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் டொக்டர் ஹேஸல் என்று ஒருவர் இருக்கிறார். மருந்து எழுதிக் கொடுக்கும் டொக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்யும் டொக்டர். அங்கே வேலை செய்பவர்கள் விரும்பினால் கொஞ்சம் இரத்தம் கொடுக்கலாம். அவர் அதிலிருந்து வெள்ளைக் கலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குக் கோபம் மூட்டி, எவ்வளவு நஞ்சு கக்குகின்றன என்று அளப்பார். பிறகு அடினோசின் என்ற ஒன்றைக் கலந்து, கோபம் அடங்குகிறதா என்று பார்ப்பார். மிஞ்சுகிற குழாய்கள் என்னிடம் வரும்.

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த கிழமை ஓர் ஆள் இரத்தம் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு கோப்பை தேநீர் குடித்ததாகச் சொல்லிவிட்டான். ஹேஸல் அந்தக் குழாயை அப்படியே என் தொட்டிக்குக் கொண்டு வந்தார்.

"கழுவிவிடுங்கள் இஸ்மாயில். இது பாழ்."

அறைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. இரத்தம் தருபவர்கள் முந்தின நாளிலிருந்து தேநீர், கோப்பி, கோலா, சொக்லேட் எதுவும் எடுக்கக் கூடாது என்று. மூன்று வருடமாக அந்தக் கதவால் போய் வருகிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

மூன்று வருடமாகக் கேட்டுப் பழகியதால் ஹேஸலின் ஆங்கிலம் மட்டும் எனக்கு விளங்கும், அவர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எரிபொருள் மாதிரி ஒன்று இருக்கிறது. கலம் காயப்பட்டால் அல்லது மூச்சுத் திணறினால் அந்த எரிபொருள் வெளியே சிந்தி, துண்டு துண்டாக உடைந்து, கடைசியில் அடினோசின் மிஞ்சும். வீடு எரிந்தால் புகை வருவது போல, கலம் அடிபட்டால் அடினோசின் வரும். வெள்ளைக் கலங்களின் தோலில் அதைக் கேட்பதற்கென்றே காதுகள் இருக்கின்றன. புத்தகத்தில் ஏற்பி என்று எழுதுவார்கள். நான்கு விதமான காதுகளை இதுவரை கண்டுபிடித்திருக்கிறார்களாம். அடினோசின் கொஞ்சமாக இருக்கும்போது ஒரு விதக் காது அதைக் கேட்டு, 'இங்கே வா' என்று விளங்கிக்கொள்ளும். நிறையச் சேர்ந்தால் இன்னொரு விதக் காது கேட்டு, 'போதும், அடங்கு' என்று விளங்கிக்கொள்ளும். பொருள் ஒன்றுதான். அளவும் காதும்தான் வேறு.

"தேநீர் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"தேநீரிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீன் அந்தக் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தானும் ஒன்றும் சொல்லாது, அடினோசின் சொல்வதையும் உள்ளே விடாது. காதில் பஞ்சு வைத்தது மாதிரி."

நான் கையுறையைக் கழற்றினேன். றிஸ்னாவின் மாத்திரையின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். ஹேஸல் குழாயைத் தொட்டி ஓரத்தில் வைத்தார்.

"அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. வீங்கிய இடத்தில் அடினோசினைக் கூட்டித்தான் அடக்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். யாருக்கு இஸ்மாயில்?"

"என்ட மகளுக்கு."

எட்டுக் கோப்பையைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாக, நான் பிழையாக விளங்கக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கண்ணாடித் தட்டுக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரிந்ததாகவும் நான் அறியவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். அவளுடைய டொக்டரிடம் சொல்லுங்கள். எட்டு என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

அன்று பின்நேரம் நான் இரண்டு போத்தல்களை உடைத்தேன்.

4

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இந்தக் காதுக் கதை எனக்கு முழுதாக விளங்கியது. விளங்கப்படுத்தியது நம்முடைய ஊர்தான். நல்ல விதமாக அல்ல. உங்களுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் புறப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, உங்களில் பலர் சின்னப் பிள்ளைகள். முஸ்லிம்களும் தமிழர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்த காலம். 'சந்தியில ஏதோ பிரச்சினையாம்' என்று ஒருவர் காதோடு சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் றோட்டு நிறைய ஆட்கள். எல்லோரும் ஊரைக் காப்பாற்றத்தான் வருவார்கள். பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், 'ஒன்றுமில்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்க' என்று அறிவிப்பார்கள். ஆட்கள் கலைந்து போவார்கள். பல தரம் அப்படித்தான் ஊர் தப்பியது.

ஒரு நாள் பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அப்படிக் கூடினோம். நானும் வீட்டுக் கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் அன்று மின்சாரம் இல்லை. பள்ளிவாசல் படியில் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசையில் இருந்த ஐந்தாறு பேருக்குத்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரியநீலாவணையிலிருந்து மீன் கொண்டு வரும் ஒரு தமிழர், ஒன்றும் தெரியாமல் சைக்கிளில் வந்தார். எங்கள் ஒழுங்கைக்கு வருடக்கணக்காகச் சூடை மீன் கொண்டு வருபவர். யாரோ பெட்டியை இழுத்தார்கள். யாரோ அடித்தார்கள். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு, இரத்தத்தோடு ஓடித் தப்பினார். மீன் றோட்டில் கிடந்தது.

நான் அடிக்கவில்லை. ஆனால் கட்டையோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

காவலுக்கு வந்தவர்கள்தான் அதைச் செய்தோம். காதோடு சொன்னது கேட்டது, ஒலிபெருக்கி கேட்கவில்லை. என் மகளின் முழங்காலுக்குள் நடப்பதும் அதுதானோ என்று நினைத்தபோது, இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன். அந்த ஒலிபெருக்கியின் வயரை ஒவ்வொரு நாளும் அறுத்தது எங்கள் பிளாஸ்க்தானா?

5

ஹபீபாவிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்தேன். அவள் குசினியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கி, இடையில் சிக்கி, கடைசியில் நேராகவே சொன்னேன்.

அவள் கையிலிருந்த சின்ன உலக்கையை வைத்தாள். "இஞ்ச பாருங்க, அப்ப நான் என்ட புள்ளைக்கு நஞ்சா ஊத்திக் குடுத்த?"

"நஞ்செண்டு ஒருத்தரும் சொல்லல்ல புள்ள. தெரியாதெண்டுதான் சொல்றாங்க."

"தெரியாட்டி ஏன் நிப்பாட்டச் சொல்றீங்க?"

இன்றைக்கும் அதற்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை.

"ரெண்டு வருசமா விடியக்குள்ள எழும்பி ஊத்தி வெச்ச" என்றாள். "கால் நோகுதெண்டு அழுறவளுக்கு வேற என்னத்தக் குடுக்கிற? இந்த நாட்டில எனக்கு வேற என்ன தெரியும்? டொக்டரோட கதைக்கத் தெரியுமா, ரீச்சரோட கதைக்கத் தெரியுமா? தேத்தண்ணி ஊத்தத்தானே தெரியும்."

அப்போது படியில் சத்தம் கேட்டது. றிஸ்னா பாதிப் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு அந்த பிளாஸ்க் வேணாம் உம்மா. எப்பவோ வேணாம்."

"அப்ப ஏன் குடிச்ச?"

"நீங்க கொண்டு வாறீங்க. அதுக்குத்தான்."

ஹபீபா இஞ்சியை ஒரு துண்டில் சுற்றி, கதிரையில் ஏறி, அலமாரியின் மேல்தட்டில், தனக்கே எட்டாத இடத்தில் வைத்தாள்.

6

மாத இரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று டொக்டரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். முன்கூட்டியே பதியாமல் பார்க்க முடியாது என்றார்கள். ஒரு படிவம் தந்தார்கள். 'அவசரமா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு சதுரங்கள் இருந்தன. தேத்தண்ணி அவசரமா இல்லையா? பேனையை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ஆம் என்பதில் கோடு போட்டேன். இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம்.

சொல்ல வேண்டியதை நான் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். டொக்டரைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது. "டீ" என்றேன். இரண்டு கையையும் தூக்கி எட்டு விரலைக் காட்டினேன்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு றிஸ்னாவைப் பார்த்தார். றிஸ்னா ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். இந்தத் தரம் அவள் சொன்னதுதான் நீளமாக இருந்தது. டொக்டர் மகளின் ஃபைலைப் பின்பக்கமாகப் புரட்டி, தாதி முன்பு எழுதிய ஜூஸ் என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அதன் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் எழுதினார்.

அவரும் ஹேஸல் சொன்னதையே சொன்னார். இதனால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எப்படியும் ஒரு பிள்ளைக்கு அவ்வளவு சாயம் கூடாது, நித்திரைக்கும் நல்லதில்லை, இரும்புச் சத்தையும் குறைக்கும். மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். மாத்திரையின் அளவை இன்றிலிருந்து கொஞ்சம் கூட்டுகிறேன். ஊசி தேவையா என்று பார்க்கக் குறித்த நாள் குறித்தபடியே இருக்கட்டும்.

திரும்பும் வழியில் றிஸ்னா யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஏன் மகள் ஜூஸெண்டு சொன்ன?"

"இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் குடிக்கிறல்ல வாப்பா. கிழவி மாதிரி. கையில சீனிய வெச்சி."

அவள் பொய் சொன்னாள். நான் அந்தப் பொய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நான் பேசாமல் இருந்ததற்கு மற்றக் காரணம் இதுதான் பிள்ளைகளே. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்ற பயம். ஏழு வருடமாகப் படிவம் நிரப்பி நிரப்பி வந்த பயம். எதைக் கேட்டாலும், கேட்டதற்கு மட்டும், சின்னதாக, அவர்களுக்குப் பிடித்த மாதிரிப் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கம். அதை அவள் என்னிடமிருந்துதான் படித்திருக்க வேண்டும்.

7

எட்டு, ஆறு, நாலு, இரண்டு என்று குறைத்தோம். கடைசி இரண்டை விட்டபோது மூன்று நாள் தலையிடி. கதவை அடித்துச் சாத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வரவு குறைவு என்று பள்ளிக்கூடம் இன்னொரு படிவம் அனுப்பியது. ஹபீபா கொத்தமல்லி அவித்த தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, நான் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். "குடுக்கலாமா?" என்று கேட்டாள். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் குசினி விடயத்தில் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் நானும் இரண்டு நாள் தேத்தண்ணி விட்டு இரத்தம் கொடுத்தேன். ஹேஸல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இயந்திரம் கீறிய கோட்டைக் காட்டினார். என் கலங்களுக்குக் கோபம் மூட்டியதும் கோடு ஏறியது. அடினோசின் போட்டதும் பாதிக்கு மேல் இறங்கியது. இன்னொரு குழாயில் கஃபீனையும் கலந்து காட்டினார். அதில் கோடு அவ்வளவாக இறங்கவில்லை.

"எனக்குக் காது கேக்குது" என்றேன். "அப்ப மகளுக்கும் கேக்கும்தானே?"

"அப்படிச் சொல்ல முடியாது இஸ்மாயில்."

"நல்லா வந்தா? இதாலதான் எண்டு சொல்லலாமா?"

"தேநீரை நிறுத்திய காலத்திலேயே மருந்தையும் கூட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. என் மாணவன் இப்படிச் செய்திருந்தால் திரும்பச் செய் என்றிருப்பேன். உங்கள் மகளைத் திரும்பச் செய்ய முடியாதே."

இந்தப் பகுதியை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். விஞ்ஞானம் படித்தவர்கள் எல்லாவற்றையும் அறிந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். எங்கே வரைக்கும் தெரியும், எங்கேயிருந்து தெரியாது என்ற எல்லையைக் காட்டுவதுதான் அவர்களின் படிப்பு என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் தகப்பனுக்கு அந்த எல்லையில் நிற்பது லேசில்லை. நான்காம் கிழமை வலது முழங்காலின் சூடு குறைந்த மாதிரி இருந்தது. ஐந்தாம் கிழமை திரும்ப வீங்கிய மாதிரி இருந்தது. நான் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், ஹபீபா வைத்துப் பார்ப்பாள். அவளுக்குச் சூடு, எனக்குச் சூடில்லை. அதற்கும் சண்டை.

"என்ட கால் என்ன அடுப்பா?" என்று றிஸ்னா போர்வையை இழுத்து மூடினாள்.

ஆறாம் கிழமை ஒரு காலையில் பதின்மூன்று சத்தத்தில் ஒன்பதுதான் கேட்டது. நான் குசினியிலிருந்து ஓடி வந்தேன். மற்ற நான்கு படியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்து இறங்கியிருக்கிறாள். ஹபீபா கண்ணைத் துடைத்தாள். நான் சந்தோசப்படப் பயந்தேன். இன்றைக்கு நாலு, நாளைக்கு என்னவோ.

8

எட்டாம் கிழமை நானும் றிஸ்னாவும் மட்டும் போனோம். ஹபீபா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஊசி என்று சொன்னால் அந்த இடத்தில் இருக்க ஏலாது என்றாள். ஆஸ்பத்திரியில் தங்கத் தேவையான உடுப்புப் பையை மட்டும் கட்டித் தந்தாள்.

டொக்டர் முழங்கால்களை மடித்தார், நீட்டினார், ஓர் அளவுகோலை வைத்து எத்தனை பாகை நீளுகிறது என்று பார்த்து எழுதினார். பழைய கணக்கோடு ஒப்பிட்டார். திரும்ப ஒரு தரம் நீட்டினார். நான் அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். வீக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் குறைகிறது. மூட்டு பழையபடி நீளத் தொடங்கியிருக்கிறது. மருந்து தொடரட்டும், மாத இரத்தப் பரிசோதனை தொடரட்டும், மூன்று மாதத்தில் பார்ப்போம். எதனால் என்று கேட்டேன். தோளைக் குலுக்கி, சிரித்தார்.

"என்ன மகள் சொன்னாங்க?" என்று வெளியே வந்தும் கேட்டேன். எனக்கு விளங்கியிருந்தது. இருந்தாலும் தமிழில் ஒரு தரம் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"இப்ப ஊசி இல்லையாம் வாப்பா. நான் நல்லா வாறேனாம்."

"நீளமாச் சொன்னாங்களே?"

"இந்த முறை நான் ஒண்டும் குறைக்கல்ல. அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப்பக்கத் தரிப்பிடத்தில் ஒரு பஸ் நின்றது. அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் மேல்தட்டு யன்னலில் தட்டி அவளைக் கூப்பிட்டார்கள். வீட்டில் நாங்கள் கூப்பிடாத ஒரு குட்டிப் பெயரால் கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் உடுப்புப் பையையும் கை மாற்றிப் பிடித்த நேரத்துக்குள் றிஸ்னா என் பக்கத்தில் இல்லை. பாதையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். ஒழுங்கான ஓட்டம் இல்லை. இடது கால் கொஞ்சம் பின்னுக்கு நின்றது, வலது கால் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு வருடத்துக்குப் பிறகு ஓடுகிறாள். கம்பியைப் பிடித்து ஏறினாள். கதவு சாத்தியது. யன்னலில் அவள் முகம் தெரியும் என்று பார்த்தேன். அவள் மற்றப் பக்கம் திரும்பி யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் போய்விட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. 'ஓடு மகள்' என்று கத்தினேனா, 'நில்லு மகள்' என்று கத்தினேனா என்று ஹபீபா கேட்டாள். பஸீனாவும் கேட்பாள். எனக்கு இன்னும் தெரியவில்லை.